தராசு விழுங்கிய இரண்டு கிலோ

1986 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஒன்பது பத்து. பளு தூக்கிப் பழகும் இரும்புத் தட்டு பன்னிரண்டு, பார் ஒன்று, ஆகப் பதின்மூன்று உருப்படி. தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளை எடை போடும் பெரிய தராசில் பதின்மூன்றையும் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினேன். பதின்மூன்றும், என் கையால் வெள்ளைப் பெயின்ட்டில் நான் எழுதி வைத்த எண்ணைவிட இரண்டு கிலோ கூடுதல். ஒன்றுகூட விலக்கில்லை. மறுபடி ஏற்றினேன். அதே இரண்டு கிலோ.

மகனே, நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் கொடுக்கக்கூடாது என்று உறையின்மேல் எழுதி வைக்கப் போகிறேன். இன்றைக்கு உனக்குப் பதினொரு மாதம். பக்கத்து அறையில் என் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைச் சப்பிக்கொண்டு கிடக்கிறாய். எனக்கு இருபத்தெட்டு. மகனுக்குப் புத்தி சொல்கிற வயது இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய விஷயம் இப்போதுதான் கையில் சூடாக இருக்கிறது. இருபது வருடம் ஆறப் போட்டால் நான் இதை எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் தாய்மாமன் ராமையாவின் இடுப்பை உடைத்தது நான். அது இன்றுவரை அவருக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காது குத்து. நாளைக் காலை ஏழு மணிக்கு உன் மாமன் எஸ்டேட் மேனேஜரான துரையைப் பார்த்து வேலையை விடுகிறேன் என்று சொல்லப் போகிறார். இந்த இரண்டுக்கும் முன்னால் நான் வாயைத் திறக்க வேண்டும்.

உன் மாமனை நீ எந்த உருவத்தில் பார்த்து வளர்ந்திருப்பாயோ எனக்குத் தெரியாது. அதனால் இப்போது இருப்பதை எழுதுகிறேன். அவருக்கு முப்பத்தாறு வயது. பதினாறு வயதிலிருந்து இந்த மலை எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி சுமக்கிறார். பலகைப் பெட்டி, தகர விளிம்பு, உள்ளே ஐம்பது கிலோ தேயிலை. கிடங்கிலிருந்து தூக்கி, சாய்வுப் பலகையில் ஏறி, லோரியில் அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பெட்டி. நான் இங்கே இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக வேலைக்குச் சேர்ந்த வருடம், சல்லடை இயந்திரத்தின் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. தோளில் ஏற்றிய பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, எடைக் கணக்கு எழுதும் கிராணியை அவர் கூப்பிட்டார்.

"கிராணி, இது குறையுது."

"போய்யா. எடை போட்டு முத்திர அடிச்சாச்சி. நீ லோரிய பாரு."

"குறையுதுங்கறேன்லா. தூக்கறது நானு."

கிராணி முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் தராசில் ஏற்றச் சொன்னார். ஒன்றரை கிலோ குறைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். "ராமையா தோளுக்குள்ள ஸ்பிரிங் வச்சி பெத்துட்டாங்கடா" என்றான் ஒருத்தன். நானும் சிரித்தேன். தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். கீழே ஈப்போ நகரத்தில் இரண்டு வருடம் இயந்திரத் தொழில் படித்து சர்டிபிகேட்டோடு வந்தவன் அல்லவா? அளவு என்றால் முள்ளும் கோடும் இருக்க வேண்டும், தோளில் எங்கே முள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

படிக்கும்போதே ஈப்போவில் ஒரு ஜிம்மில் வலுதூக்கல் பழகினேன். மூன்றே தூக்கு. பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழுவது, படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே தள்ளுவது, தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது. மூன்றாவதற்கு டெட்லிஃப்ட் என்று பெயர். நான் அதில் சுமார்தான். ஆனால் அதைப்பற்றிப் புத்தகங்கள் படிப்பது பிடித்தது. ஒரு மனிதனுடைய உச்ச எடை இவ்வளவு, அதில் அறுபது சதவீதத்தில் தொடங்கு, வாரா வாரம் இவ்வளவு ஏற்று, பன்னிரண்டாவது வாரம் அவன் தன் உச்சத்தைத் தாண்டுவான். வரைதாளில் நேர்கோடு. இயந்திரத்துக்கு ஒத்துவருகிற மாதிரியே உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க நல்ல உடம்பு வேண்டும். என் உடம்பு அதற்கு லாயக்கில்லை. உன் மாமனுடையது லாயக்கு.

இந்த வருடம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை பஸ்ஸில் ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். வாழ்க்கையில் பாரையே தொடாத மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் நாளிலேயே நூற்று எழுபது கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நின்றார். ஜிம்காரர் இரண்டு பக்கத் தட்டையும் எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார். தீபாவளிக்கு அடுத்த வாரம் அங்கே ஒரு போட்டி இருந்தது. பெயர் கொடுத்துவிட்டு வந்தோம். வரும் வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார். "இத்தன வருஷம் தூக்கினதுக்கு ஒருத்தனும் கைதட்டல மாப்ள" என்றார் ஒருமுறை.

பயிற்சிக்கு வேண்டிய பாரும் தட்டும் பக்கத்து ஊர் தானா ராத்தாவில்கூடக் கிடைக்காது. நானே செய்தேன். காயவைக்கும் மின்விசிறியின் பழைய தண்டு பாராக ஆயிற்று. தூக்கிப் போட்டிருந்த ரோலர் இயந்திரத்தின் பல்சக்கரம், பெல்ட் சக்கரம், மூடி எல்லாம் தட்டுகளாயின. ஒழுங்கான வட்டத் தகடாக இருந்தால் விட்டத்தையும் கனத்தையும் வைத்து எடையைக் கணக்கிலேயே கண்டுபிடித்திருப்பேன். பல்லும் ஓட்டையுமாக இருந்ததால் முடியவில்லை. தராசு வேண்டும். பெட்டித் தராசு கிராணியின் அறைக்குள் இருந்தது. கேட்டால் எதற்கு என்பார். பழைய இரும்பைக் கேட்காமல் எடுத்தவன் நான். அதனால் மலையில் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் போய், அங்கே தொங்குகிற வட்டத் தராசைக் கங்காணியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கினேன். கடிகாரம் மாதிரி முகம், கீழே கொக்கி. முள் பூஜ்யத்தில் அசையாமல் நின்றது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. பெரிய தட்டு எட்டையும் ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ வரும்வரை அராவிக் குறைத்தேன். சின்னது நான்கும் ஐந்தைந்து. பார் இருபத்தொன்று. எல்லாவற்றிலும் வெள்ளை எழுத்து. பார்க்கவே அழகாக இருந்தது.

பூட்டிக் கிடந்த பழைய ஆயாக்கொட்டகையைக் கேட்டு வாங்கினோம். எஸ்டேட் பிள்ளைகளைத் தொட்டில் கட்டிப் பார்த்துக்கொண்ட இடம் அது. உத்தரத்தில் தொட்டில் கொக்கிகள் இன்னும் இருந்தன. சுவரில் என் வரைதாளை ஒட்டினேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு. எத்தனை கிலோ, எத்தனை முறை, எத்தனை நிமிட ஓய்வு. உன் மாமனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்தத் தாளை மனப்பாடம் செய்திருந்தார்.

என் படிப்பு முழுக்கப் பொய் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு பொய். இருபது வருடமாக முதுகை வளைத்துத்தான் அவர் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். இடுப்பை மடக்கு, முதுகைப் பலகை மாதிரி வை, வயிற்றில் காற்றை நிரப்பிப் பூட்டு, பாரை முழங்காலோடு உரசிக்கொண்டு கொண்டுவா என்று நான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் "ராத்திரி முதுகு இழுக்கறது நின்னுடுச்சி மாப்ள" என்றார். பெட்டி தூக்குவதையும் மாற்றிக்கொண்டார். மற்ற ஆட்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அது புத்தகம் கொடுத்தது. அவருடைய அனுபவம் கொடுக்கவில்லை. அந்த இரண்டு வாரம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒன்றில் நான் சரி என்று ஆனதும் எல்லாவற்றிலும் நானே சரி என்று ஆகிவிட்டேன்.

நாலாவது வாரம் அவர் முதல்முறையாகச் சொன்னார்.

"மாப்ள, ஈப்போ இரும்பும் நம்ம இரும்பும் ஒண்ணில்ல."

"இரும்புன்னா இரும்புதான் மச்சான். கிலோன்னா கிலோதான்."

"நம்மது கனக்குது."

"இங்க குளிரு. உடம்பு சூடாகல. இன்னும் பத்து தடவ குந்துங்க."

குந்தினார். ஆறாவது வாரம் மறுபடி சொன்னார். இந்த முறை வேறு மாதிரி. "நேத்து ரெண்டு லோரி ஏத்தினேன். இன்னிக்கும் உங்க தாள்ல இருக்கறதத்தான் தூக்கணுமா?" தாளில் இருப்பதைத்தான் தூக்க வேண்டும் என்றேன். அந்தத் தாளின் கணக்கைப் புத்தகத்தில் எழுதியவன், தூக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிற மனிதனை மனதில் வைத்து எழுதியிருக்கிறான். பகலில் அறுபது பெட்டி சுமந்துவிட்டு நாலு மணிக்கு வருகிற மனிதனை அல்ல. அது எனக்குத் தோன்றவே இல்லை. எட்டாவது வாரம் அவர் தொடை நடுங்கியதால் பாதியில் நிறுத்தினார். நான் தாளில் அந்த நாளின்மேல் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டேன். அதை அவர் பார்த்தார். மறுநாள், பயிற்சி இல்லாத நாளில், தனியாக வந்து அதைத் தூக்கி முடித்துவிட்டுப் போனார் என்று பிறகு தெரிந்தது.

அக்டோபர் 12, பதினோராவது வாரம், ஞாயிறு பிற்பகல் நாலு மணி. தாளில் நூற்று அறுபத்தைந்து, ஒரே ஒரு முறை. எட்டுப் பெரிய தட்டையும் ஏற்றினேன். வேடிக்கை பார்க்கக் கீழ் லைன் வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர் குனிந்து பிடித்தார், இழுத்தார். பார் அசையவில்லை. கையை விட்டு நிமிர்ந்து என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வேணாம் மாப்ள. இது நூத்தி அறுவத்தஞ்சு இல்ல."

அப்போது நான் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எழுதியிருக்கு பாருங்க மச்சான், படிக்கத் தெரியலன்னா என்கிட்ட கேளுங்க. நூத்தி எழுவது தூக்கினவருக்கு நூத்தி அறுவத்தஞ்சு என்னா? பெட்டி தூக்கற முதுகு பெட்டிக்குத்தான் லாயக்குன்னா இப்பவே சொல்லிடுங்க, ஈப்போவுக்கு பஸ் டிக்கெட் மிச்சம்."

சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். பிடி வழுக்காமலிருக்கக் கைகளில் சாக்பீஸ் தூளை மறுபடி பூசிக்கொண்டார். இந்த முறை பார் தரையை விட்டுக் கிளம்பியது. முழங்கால்வரை வந்தது. அங்கே நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, நான் "மேல, மேல" என்று கத்திக்கொண்டே இருந்தேன். முதுகு பலகையாக இருந்தது, பிறகு இல்லை. அவர் பாரைப் போடவில்லை. மெதுவாக வைத்தார். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்து, "இடது கால் எங்க போச்சி பாருங்க மாப்ள" என்றார்.

கியா பார்மிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்த காய்கறி லோரியை மறித்து, முட்டைக்கோஸ் மூட்டைகளின்மேல் படுக்கவைத்து தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். "டேய், கோஸோட கோஸா என்னையும் கோலாலம்பூர் மார்க்கெட்டுக்கு அனுப்பிடாதீங்கடா." ஒவ்வொரு வளைவிலும் அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. மூன்று மாதம் எதையும் தூக்கக்கூடாது, அதற்குப் பிறகு எப்படி இருக்கிறதென்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஐந்து வாரம் ஆகிறது. இடது கால் பெருவிரலை அவரால் இன்னும் மேலே தூக்க முடியவில்லை. துரை அவரை லேசான வேலைக்கு மாற்றினார். பெண்களோடு உட்கார்ந்து தேயிலையில் காம்பு பொறுக்குகிறார். தரையில் உட்கார முடியாததால் அவருக்கு மட்டும் ஒரு ஸ்டூல். "கூட்டத்துல நாந்தான் ஒசரம்" என்று அதையும் கேலி செய்துவிட்டார். யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்கிறார்: "மாப்ள கணக்கு தப்பாது. நாந்தான் பயந்து இடுப்ப வளச்சிட்டேன்." இதை அவர் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். நான் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. உன் அம்மா கமலம் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்தாள். இடுப்பில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து உதறிக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கும் ரெண்டு கிலோவ முழுங்கிடுச்சி."

"என்னா?"

"தராசுதாங்க. கூடையோட எடைன்னு சொல்லி மொதல்லயே ரெண்டு கிலோ கழிச்சி வச்சிருக்காங்கல்ல. இப்ப கூடையே கெடையாது, சாக்குலதான் போடறோம். அத மாத்தச் சொன்னா கங்காணி காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "முள் பூஜ்யத்துலதான நிக்குது?" என்று கேட்டேன்.

"அங்க ஒரு சின்ன ஆணி இருக்கு. அது புடிச்சிக்கிட்டு நிக்குது. கொக்கியில ரெண்டு கிலோ ஏறற வரைக்கும் முள் அசையாது. கையால இழுத்துப் பாருங்க, தெரியும். மலையில இருக்கற எல்லாருக்கும் தெரியும். ஏன், சோறு எறங்கலையா? உப்பு கூடிப்போச்சா?"

உப்பு சரியாக இருந்தது. நான் இரவல் வாங்கியது அதே தராசு. கொக்கியில் தொங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கிலோ. ஒரு மூட்டை கொழுந்துக்கு ஒருமுறை இரண்டு கிலோ. ஆனால் நான் பதின்மூன்று உருப்படியைத் தனித்தனியாக அல்லவா தொங்கவிட்டேன்? எட்டுத் தட்டும் ஒரு பாரும், ஒன்பது இரண்டு பதினெட்டு. அன்றைக்கு உன் மாமன் குனிந்து பிடித்தது நூற்று அறுபத்தைந்து இல்லை. நூற்று எண்பத்து மூன்று. அது மட்டுமில்லை. வாரா வாரம் நான் தட்டு சேர்க்கச் சேர்க்கப் பிழையும் அதோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. சுவரில் நான் வரைந்த கோடு ஒன்று. அவர் முதுகு ஏறிய கோடு வேறு, அதைவிடச் செங்குத்து. நாலாவது வாரமே அவர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்.

உன் அம்மா ஒன்பது வருடமாகத் தினமும் அந்தத் தராசின் முன்னால் வரிசையில் நிற்கிறாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருடம். அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ நாளைக்கு ஏதாவது படித்துவிட்டு வந்து, படிப்பு அப்பாவைக் கைவிட்டுவிட்டது, அனுபவம்தான் பெரிது என்று நினைத்துவிடாதே. தொழிற்பள்ளியில் எங்களுக்கு முதல் வாரம் சொல்லிக் கொடுத்ததே இதுதான்: எந்த அளவுக் கருவியையும் நம்புவதற்கு முன்னால், எடை தெரிந்த ஒன்றை அதில் வைத்துப் பார். நான் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொக்கியில் மாட்டியிருந்தால் போதும். மாட்டவில்லை. அனுபவஸ்தர் சொன்னதையும் கேட்கவில்லை, படித்ததையும் செய்யவில்லை. புத்தகத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு என் இஷ்டத்துக்கு நடந்தேன். எதையோ நிரூபிக்கிற அவசரம். என்னைப் போலவே நீயும் அவசரக்காரனாக இருந்தால், உன் எண்ணும் ஒருவர் உடம்பும் ஒத்துப்போகாத நாளில், முதலில் எண்ணைச் சந்தேகப்படு. திரும்ப அளப்பதற்கு அரைமணி நேரம் ஆகும். உடம்பைத் திரும்பச் செய்ய முடியாது.

எடையில் வந்த பிழையை நான் ஒருவேளை மன்னித்துக்கொள்வேன். ஆணி எனக்குத் தெரியாது. ஆனால் வேணாம் மாப்ள என்று அவர் சொன்னபோது ஏழெட்டுப் பேர் முன்னால் அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கினேனே, அதற்கு எந்தத் தராசையும் காட்ட முடியாது. அந்தத் தட்டுகள் சரியான எடையாகவே இருந்திருந்தாலும் நான் பேசியது பேசியதுதான். இரண்டாவது முறை அவர் குனிந்தது பாருக்காக இல்லை, என் வாய்க்காக.

நேற்றுச் சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன் என்பது உனக்குப் புரியும். குடையை ஊன்றிக்கொண்டு உன் மாமன் வந்தார். உன் காதுக்கு அவர் சீராகக் கொண்டுவர வேண்டிய கடுக்கனைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார், "ஞாயித்துக்கெழம நம்ம சித்தப்பா மகன் முருகேசன் மடியில புள்ளைய வச்சிக்கிடட்டும் தங்கச்சி."

உன் அம்மாவுக்குப் புரியவில்லை. "ஏண்ணே? நாற்காலியில ஒக்காந்துக்க. யாரு என்னா சொல்லப் போறா?"

"நாற்காலி இல்ல பிரச்சன. மொத காரியம் புள்ளைக்கி. ஒடஞ்ச ஆளு மடி வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். "திங்கக்கெழம தொரைய பாத்து சொல்லிடப் போறேன் மாப்ள. கோலா தெர்லாவுல எம் பொஞ்சாதியோட அண்ணன் தோட்டத்துல தக்காளி பொறுக்கிப் பெட்டியில அடுக்க ஆள் வேணுமாம். ஒக்காந்தே செய்யலாம். லைன் வீட்டையும் விட்டுடறோம்."

"மூணு மாசம் ஆவட்டுமே. டாக்டர் பாத்துட்டு சொல்றேன்னாருல்ல?" என்றேன்.

"டாக்டருக்கு என்னா தெரியும்? உங்க தாள்லயே இருக்கே. நூத்தி எழுவது தூக்கினவன், மூணு மாசம் பழகிட்டு, நூத்தி அறுவத்தஞ்சுக்கு விழுந்தான்னா என்னா அர்த்தம்? உடம்பு முடிஞ்சிடுச்சின்னு அர்த்தம். கணக்கு நீங்க சொல்லிக் குடுத்ததுதான் மாப்ள."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நூற்று அறுபத்தைந்து இல்லை மச்சான், நூற்று எண்பத்து மூன்று, நீங்கள் ஈப்போவில் தூக்கியதைவிடப் பதின்மூன்று கிலோ கூடுதலை முழங்கால்வரை கொண்டுவந்தீர்கள், உங்கள் உடம்பு முடியவில்லை, நான்தான் அதன்மேல் ஏற்றிவிட்டேன் என்று. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "டீ குடிங்க மச்சான், ஆறுது." இன்னும் எடை போட்டுப் பார்க்கவில்லையே, சந்தேகத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று எனக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம். மூன்று மாதமாக இல்லாத நிதானம் எனக்கு நேற்று வந்துவிட்டது பார். அவர் டீயைக் குடித்துவிட்டு, உன் தலையைத் தடவினார். உன்னைத் தூக்கவில்லை. நீ கையை நீட்டினாய். தூக்கவில்லை.

இன்று காலை தராசை சர்வீஸ் செய்ய வேண்டும் என்று கிராணியிடம் பொய் சொல்லிச் சாவி வாங்கினேன். ஆயாக்கொட்டகையிலிருந்து இரும்பையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். முடிவு உனக்குத் தெரியும். இனி சந்தேகம் என்கிற மறைப்பும் இல்லை.

என் பயம் என்ன என்பதையும் எழுதி வைக்கிறேன். வேலை போகும் என்பது ஒன்று. பழைய இரும்பையும் தண்டையும் கேட்காமல் எடுத்திருக்கிறேன். அது சின்னப் பயம். உன் அம்மா தன் அண்ணன் கையால் வளர்ந்தவள். அவள் இனிமேல் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பது பெரியது. இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரமும் சுற்றினேன். கணக்குத் தப்பாதவன் என்று இந்த எஸ்டேட்டில் ஒருவர் நம்பினார். அவர் ஒருவர்தான் முழுசாக நம்பினார். இன்று அந்த நம்பிக்கையை என் கையாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு மனிதன் தன் உடம்பைப் பற்றித் தப்பாக நம்பிக்கொண்டு வீட்டைக் காலி செய்கிறான், அதைத் தடுக்கக்கூடிய எண் என் பையில் இருக்கிறது, எனக்கோ என் பெயரைப் பற்றிய கவலை. நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, இதையும் சேர்த்து நினை.

உண்மையைச் சொன்னால் அவர் கால் விரல் எழுந்துவிடாது. எனக்குத் தெரியும். அவர் மறுபடி பெட்டி சுமப்பாரா, பார் பிடிப்பாரா, யாருக்கும் தெரியாது. ஆனால் போவதா இருப்பதா என்பதை அவர் சரியான எண்ணை வைத்துக்கொண்டு முடிவு செய்யட்டும். அந்த எண் அவருடையது. என்னுடையது அல்ல.

இப்போது மணி பதினொன்று இருபது. இனிச் செய்யப் போவது:

1. இதை உறையில் போட்டு ஒட்டி, உன் பிறப்புச் சான்றிதழோடு வைப்பேன். திரும்பப் படிக்க மாட்டேன். படித்தால் திருத்துவேன்.

2. அடுப்படியில் இருக்கும் உன் அம்மாவிடம் முதலில் சொல்வேன். சமையல் முடியட்டும், நீ தூங்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.

3. கீழ் லைனுக்கு நடந்து போவேன். மச்சான் வீட்டில் வேறு ஆட்கள் இருந்தாலும் அவர்கள் முன்னாலேயே பேசுவேன். அவரைக் கேலி செய்தது தனியாக இல்லை.

4. முதலில் எண்: நூற்று எண்பத்து மூன்று. பிறகு ஆணி. பிறகு, நாலாவது வாரத்திலிருந்து அவர் சொல்லியதும் நான் சொன்ன பதில்களும். கடைசியில் அன்று நான் பேசியது, எழுத்து மாறாமல். எங்கேயும் "ஆனால்" என்று தொடங்க மாட்டேன்.

5. நாளைக் காலை ஏழு மணிக்கு அவர் துரையிடம் போவதாக இருந்தால், நான் ஆறரைக்கே அங்கே நிற்பேன். இரும்பு எடுத்தது, சாவிக்குப் பொய் சொன்னது, விபத்து யாரால் என்பது, மூன்றையும் சொல்வேன்.

6. மச்சான் கதவைச் சாத்தினால் வெளியே நிற்பேன். கை நீட்டி அடித்தால் வாங்கிக்கொள்வேன். "பரவால்ல மாப்ள" என்று சிரித்துவிட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு என்னிடம் திட்டம் எதுவும் இல்லை.